மைனிக்காக இளைச்சேன்

வேண்டாம்க்கா. கோவிச்சுக்கிடாதிய. கடலைமிட்டாய் மேல எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. ஒரு காலத்துல தென்காசியில ஒரு பாக்கெட் வாங்குனா பஸ் ஆலங்குளம் தாண்டுறதுக்குள்ள காலி பண்ணிட்டு, கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்திருப்பேன். இப்ப ஒரு துண்டு வாயில போட்டேன்னு வைங்க, கொஞ்ச நேரத்துல வேர்த்து ஊத்தும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கண்ணை இருட்டிக்கிட்டு வரும். பொறவு கண்டக்டர் விசிலடிச்சு பஸ்ஸை நிப்பாட்டணும், நீங்க என்னைத் தாங்கிப் பிடிக்கணும். எதுக்கு? நீங்க சாப்பிடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். அடுத்தவங்க சாப்பிடுறதப் பாக்க எனக்குப் பிடிக்கும்.

சீக்கெல்லாம் இல்லக்கா. ஆபரேஷன். வயித்தை வெட்டி ஒரு சின்னக் கிண்ணம் அளவுக்கு ஆக்கி, குடலைத் தூக்கி மேல கோத்து விட்டுட்டாவ. மதுரையில வச்சு. என்னைப் பாத்தா தெரியாது. இந்தா, இந்தப் போட்டோவைப் பாருங்க. யாருன்னு சொல்லுங்க பாப்போம். நான்தான். சிரிக்காதிய. சிரிச்சாலும் பரவால்ல, நீங்க தெரியாதவங்க. தெரிஞ்சவங்க சிரிச்சதுலதான் எனக்கு இந்த உடம்பு கிடைச்சுது.

எல்லாரும் எங்கிட்ட கேப்பாவ, செண்பகம், சர்க்கரைக்காகப் பண்ணுனியா, மூட்டு வலிக்காகப் பண்ணுனியான்னு. டாக்டரும் கேட்டாரு. மூட்டு வலி சார்னு சொன்னேன். பொய். நான் பண்ணுனது எங்க மைனிக்காக.

மைனின்னா, எங்க வீட்டுக்காரவுகளோட கூடப் பிறந்த அக்கா. பேரு ஆவுடை. அது மட்டும் இல்ல, எங்க அண்ணனுக்கு அவளைத்தான் கட்டியிருக்கு. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தாவ. அவ தம்பி எனக்கு, என் அண்ணன் அவளுக்கு. ஒரே முகூர்த்தத்துல ரெண்டு கல்யாணம். அப்ப எல்லாரும் எவ்வளவு பொருத்தம்னு சொன்னாவ. யாராவது ஒருத்தர் யோசிச்சாவளா, இந்த ரெண்டு பேருக்கும் ஆகலேன்னா எந்தப் பக்கம் ஓடுவாவன்னு? நான் பிறந்த வீட்டுக்குப் போனா அங்க அவ இருப்பா. அவ பிறந்த வீட்டுக்கு வந்தா இங்க நான் இருப்பேன்.

நேர்ல பாத்தா 'வாங்க மைனி, இருங்க மைனி'தான். வயசுல மூத்தவ. உங்ககிட்ட 'அவ'ன்னு சொல்லுதேன், கண்டுக்கிடாதிய. வாய்க்கு ஆறுதலா இருக்கு.

என் மக ஆனந்தியைப் பாக்க ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்திருந்தாவ. அம்பாசமுத்திரம் பக்கம். நல்ல இடம், பையன் பேங்க்ல இருந்தான். நான் காலையில இருந்து கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு, பட்டுச்சேலை கட்டி வேர்த்துப் போய் நிக்கேன். மைனிதான் தட்டை எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தா. மாப்பிள்ளையோட அம்மா மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாவ, 'பொண்ணு லட்சணமா, ஒடிசலா இருக்கா'ன்னு. அதுக்கு எங்க மைனி, எல்லார் முன்னாலயும், கையில பஜ்ஜித் தட்டை வச்சுக்கிட்டு சொல்லுதா:

'இப்ப அப்படித்தான் இருப்பா. பெத்தவளைப் பாத்துக்கிடுங்க. இவளும் கல்யாணத்தன்னைக்கு மகளை மாதிரிதான் இருந்தா. நாளைக்கு உங்க வீட்டு வாசல் நிலையை இடிச்சு அகலமாக்கணும்னா எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது.'

எல்லாரும் சிரிச்சாவ. மாப்பிள்ளை சிரிச்சான். அவன் தங்கச்சி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. எங்க வீட்டுக்காரவுகளும் சிரிச்சாவ, பாவம், சபையில சிரிக்காம என்ன செய்வாவ. நானும் சிரிச்சேன்க்கா. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சேன். குலுங்குறதை எல்லாரும் பாத்தாவ.

அந்த இடம் அமையல. ரெண்டு நாள் கழிச்சுத் தரகர் போன் பண்ணி, 'அவங்க யோசிக்கிறாங்க'ன்னாரு. என்னத்த யோசிக்கிறது? எனக்குத் தெரியாதா?

அன்னைக்கு அடுப்படியில நின்னு முடிவு பண்ணுனேன். இவ முன்னால நான் இளைச்சுக் காட்டணும். சும்மா இளைச்சா போதாது. இவ பொறாமையில வேகணும். இவ செத்தாலும் நான் இளைச்சபடியே வந்து மாலை போடணும். எங்க வீட்டுக்காரவுக கையெடுத்துக் கும்பிட்டாவ, 'உசிரோட விளையாடாத செண்பகம், எனக்கு நீ இப்படியே போதும்'னு. யாருக்கு வேணும் அவுக போதும்? அவுகளுக்காகவா பண்ணுதேன்?

ஆபரேஷன் பெரிசில்லக்கா. மயக்க ஊசி போட்டா தூக்கம், முழிச்சா வலி, அவ்வளவுதான். அதுக்கப்புறம் இருக்கு பாருங்க, அதுதான் ஆபரேஷன். கஞ்சித் தண்ணியை ஸ்பூன்ல எடுத்து நக்கணும். ஒரு வாய் கூடப் போச்சுன்னா நெஞ்சுல கல்லு மாதிரி நிக்கும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. முதல்ல பயறு, சுண்டல், பனீர், இதுங்கதான். சோறு கடைசியில, இடம் இருந்தா. ஒவ்வொரு வாயையும் கூழாகுற வரைக்கும் மெல்லணும். சத்து மாத்திரை சாகுற வரைக்கும். தலைமுடி கொத்துக் கொத்தா வந்துச்சு, சீப்பைப் பாத்து அழுதேன். எங்க வீட்ல எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்திரிச்சுப் போயிருவாவ, நான் என் கிண்ணத்தோட மென்னுக்கிட்டே இருப்பேன். எங்க வீட்டுக்காரவுக முதல்ல கூட உக்காந்திருந்தாவ. பொறவு டிவி பாக்கப் போயிட்டாவ. நான்தான் போகச் சொன்னேன். அவுக இலையில அப்பளம் நொறுங்குற சத்தம் கேட்டா எனக்குக் கோவம் வரும்.

எப்படித் தாக்குப் பிடிச்சேன்னு கேக்கியளா? மைனி போட்டோ ஒண்ணு, அவ வாயைத் திறந்து சிரிக்கிற போட்டோ, அதை எடுத்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சேன். கதவைத் திறக்கக் கை போகும்போது அவ சிரிப்பா. 'நிலையை இடிக்கணும்'பா. கை தானா இறங்கிரும். எங்க வீட்டுக்காரவுக அதைப் பாத்துட்டு, 'எங்க அக்கா மேல இவளுக்கு எவ்வளவு பாசம்'னு வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாவ.

காலையில நடப்பேன். மழை பேஞ்சாலும் குடை பிடிச்சுக்கிட்டு நடப்பேன். ஒவ்வொரு எட்டையும் அவ மேல வைக்கிற மாதிரி வைப்பேன். ஆஸ்பத்திரியில சாப்பாட்டு விவரம் சொல்லுற பொண்ணு, கண்ணாடி போட்ட சின்னப் பொண்ணு, அவ ஆச்சரியப்பட்டா. 'அம்மா, நிறையப் பேரு ஒரு வருஷத்துல சலிச்சுப் போயிருவாங்க, நீங்க எப்படி இவ்வளவு ஒழுங்கா இருக்கீங்க?'ன்னா. தெய்வ நம்பிக்கைன்னு சொன்னேன். பின்ன, பழின்னா சொல்ல முடியும்?

அந்த வருஷமே மைனி மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. எங்க பக்கம் மறுவீட்டுச் சாப்பாடுன்னா சொதிதான், தெரியுமில்லா? தேங்காப்பால்ல காய் போட்டு, இஞ்சிப் பச்சடியோட. சமையலுக்கு ஆள் வச்சாலும் சொதிக்கு மட்டும் மைனி கைதான் பால் ஊத்தும். அவ சொதிக்கு ஊரே அடிமை. நானும்தான். முன்னால எல்லாம் நான் மூணு தடவ வாங்கி, இலையை வழிச்சு, 'மைனி, இதுக்காகவே உங்க வீட்ல பிறந்திருக்கேன்'னு சொல்லுவேன்.

அன்னைக்கு நான் போனேன் பாருங்க. அரக்குப் பட்டு, கை வச்ச ஜாக்கெட், கழுத்தெலும்பு தெரிய. யாருக்கும் அடையாளம் தெரியல. எங்க பெரியம்மா மக என்னை மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு நினைச்சு சந்தனம் நீட்டுனா. பந்தியில முதல் வரிசையில, எல்லாரும் பாக்குற மாதிரி உக்காந்தேன். மைனியே வந்து சொதி ஊத்துனா. நான் ஒரே ஒரு ஸ்பூன். அதைப் பொறுமையா மென்னு முழுங்குனேன். அடுத்தாப்புல இலையை மூடிட்டேன்.

அவ கரண்டியோட நிக்கா. பக்கத்துல சம்பந்தியம்மா கேக்காவ, 'ஏன், நல்லால்லையா?'ன்னு. நான் சொன்னேன், 'நல்லாத்தான் இருக்கும். முன்ன நல்லா இருக்கும்.'

அவ முகம் கறுத்துச்சு பாருங்கக்கா. அதைப் பாக்கத்தான் நான் அத்தனை மாசம் கஞ்சித் தண்ணியை நக்குனேன். மூடுன இலையைப் பாத்துக்கிட்டே நின்னா. பொறவு மெதுவா, 'மாத்திரை எல்லாம் ஒழுங்காப் போடுதியா செண்பகம்?'னு கேட்டா. திமிரு. நான் சீக்காளின்னு சபையில காட்டுறதுக்குக் கேக்கா.

அதோட விட்டேனா? எனக்குச் சாப்பிட முடியாதே தவிர செய்யத் தெரியும்லா. வாராவாரம் திரட்டுப்பால், மைசூர்பாகு, முந்திரிக்கொத்துன்னு செஞ்சு, யார் திருநெல்வேலி போனாலும் குடுத்து விட்டேன். 'மைனிக்குப் பிடிக்கும்'னு சொல்லி விடுவேன். அவளுக்குச் சர்க்கரை இருக்குன்னு தெரியும். விஷமாக்கா குடுத்தேன்? நெய்யில செஞ்சு குடுத்தேன். வேண்டாம்னா வைக்க வேண்டியதுதானே? ஒண்ணு விடாமத் தின்னா. எங்க அண்ணன் போன்ல சொல்லுவான், 'நீ குடுத்து விட்டதை உங்க மைனி ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேங்கா'ன்னு. கேக்கக் கேக்க எனக்குக் குளிரும். நான் இளைக்க இளைக்க அவ ஊதுனா. கொடி மாதிரி இருந்தவ, வளையல் கையில ஏறல.

அடுத்த வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தா. நான் அடுப்படியில நிக்கேன், பின்னால வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அன்னைக்குச் சொன்னதை மனசுல வச்சுக்கிடாத. நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கு'ன்னு சொல்லி அழுதா. நல்லா அழுதாக்கா, மூக்கெல்லாம் சிவந்து. வருஷக்கணக்கா நான் அவளை அழ வைக்கணும்னு நினைச்சேன், அவ தானாவே வந்து அழுதுட்டா. அதுல என்ன சுகம் இருக்கு? சரி மைனி, விடுங்கன்னு சொல்லிட்டேன். சபைக்கு வேண்டி இல்ல, நிஜமாவே விட்டுட்டேன். மனசு பஞ்சு மாதிரி ஆயிட்டு.

அதுதான் வினையாப் போச்சு.

ஃபிரிட்ஜ்ல இருந்த போட்டோவை எடுத்து ஆல்பத்துல வச்சேன். காலையில எந்திரிச்சா, எதுக்கு நடக்கணும்னு தோணுச்சு. யாருக்காக? சாயங்காலம் எங்க வீட்டுக்காரவுக கூட உக்காந்து டிவி பாத்தேன், அவுகளுக்குச் சந்தோசம். கையில மிக்சர் கிண்ணம். இந்த மிக்சர் இருக்கே, இது நயவஞ்சகம். சோறு போனா வயிறு அடைக்கும், இனிப்புன்னா மயக்கம் வரும், மிக்சர் மட்டும் ஒரு சத்தமும் இல்லாம வழுக்கிக்கிட்டு இறங்கும். ரெண்டு விரல்ல எடுத்து எடுத்து, சீரியல் முடியுறதுக்குள்ள கிண்ணம் காலி. ஜாக்கெட் கை இறுக்குச்சு. துணி சுருங்கிட்டுன்னு நினைச்சுக்கிட்டேன்.

மதுரைக்குப் போனப்ப அந்தக் கண்ணாடிப் பொண்ணு எடை மெஷினைப் பாத்துட்டு என்னைப் பாத்தா. திட்டல. 'என்னம்மா மாறுச்சு, வீட்ல ஏதும் நடந்துச்சா?'ன்னு கேட்டா. ஒண்ணும் இல்ல, எல்லாரும் சமாதானமாத்தான் இருக்கோம்னு சொன்னேன். சொல்லி வாயை மூடல, எனக்குப் பொறி தட்டுச்சு. சமாதானம்தான் காரணம்! அந்த வயிறு சின்னதா இருக்கது டாக்டர் கத்தியாலன்னு நினைச்சேன். இல்ல. அது மைனி நாக்கால. அந்த நாக்கை மன்னிச்சேன், வயிறு விரியுது.

நான் வீட்டுக்குப் போகலக்கா. மதுரையில இருந்து நேரா திருநெல்வேலி பஸ் ஏறி, டவுண்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி வாசல் தெளிச்சுக்கிட்டு இருந்தா. 'வா செண்பகம்'னா. நான் படி ஏறல. நடுத்தெருவுல நின்னு சொன்னேன்:

'மைனி, பொங்கலுக்கு உங்களை மன்னிச்சேன்லா, அதை வாபஸ் வாங்குதேன். உங்களை மன்னிச்சதுல எனக்கு அஞ்சு கிலோ கூடிட்டு. எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. இருக்கணும். இனிமே அழுதுக்கிட்டு வந்து என் உடம்பைக் கெடுக்காதிய.'

தெருவே பாத்துச்சு. அவ கையில வாளியோட அப்படியே நின்னா. நான் திரும்பி வந்து போட்டோவை மறுபடி ஒட்டுனேன். அடுத்த நாள் விடியக்காலையே நடக்கக் கிளம்பிட்டேன். கூடுனது எல்லாம் இறங்குச்சு.

இதைக் கேட்டுட்டு சென்னையில இருந்து ஆனந்தி போன் பண்ணுனா. அவ தன்கூட வேலை பாத்த பையனையே கட்டிக்கிட்டு இப்ப அங்கதான் இருக்கா. நல்ல பையன்தான். போன்ல ஒரே அழுகை. 'அம்மா, அத்தையை விட்டுருங்கம்மா. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கல. உங்ககிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லப் பயந்து அத்தைகிட்டத்தான் அழுதேன். எப்படியாவது கலைச்சு விடுங்கன்னு கெஞ்சுனேன். எனக்காகத்தான் அத்தை அப்படிப் பேசுனாங்க'ங்கா.

அப்படியா சங்கதின்னு கேட்டுக்கிட்டேன். அவ சின்னப் பிள்ள, பயந்துட்டா, அவளைச் சொல்லிக் குத்தம் இல்ல. ஆனா நீங்க சொல்லுங்கக்கா, நீங்க நியாயம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கிய. கலைக்கணும்னா மைனி கலைச்சுட்டுப் போறா. ஜாதகத்துல ஏதோ இடிக்குதுன்னு சொல்லியிருக்கலாம். பொண்ணு இன்னும் படிக்கணும்னு சொல்லுதான்னு சொல்லியிருக்கலாம். ஒரு சம்பந்தத்தைக் கலைக்க நம்ம ஊர்ல வழியா இல்ல? அதுக்கு என் உடம்புதான் கிடைச்சுதா? இதைத்தான் நான் கேக்கேன். இதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலியே.

நல்லவேளை, கோவத்துக்குக் கேடு வரல. இன்னும் கொஞ்சம் வலுத்துச்சு.

பொறவு ஒருநாள் எங்க அண்ணன் போன் பண்ணுனான். மைனிக்குச் சர்க்கரை கண்டபடி ஏறி, இன்சுலின் ஊசி போடணும்னுட்டாவளாம். கால்ல ஒரு புண்ணு ஆற மாட்டேங்காம். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லுதாரு, இவ யார் சொல்லியும் கேக்க மாட்டேங்கா. 'நீ வந்து சொன்னாக் கேப்பா. செண்பகம் மாதிரி யாராலயும் இருக்க முடியாதுன்னு தினமும் சொல்லிக்கிட்டு இருக்கா'ன்னான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. கடவுள் எவ்வளவு பெரியவன்! அவ சோத்து அளவு என் கைக்கு வருது! புண்ணு ஆறட்டும்னு காத்திருந்து, வாராவாரம் இந்த பஸ்ல ஏற ஆரம்பிச்சேன். போன அன்னைக்கே அவ தட்டை எடுத்து உள்ள வச்சுட்டு, டிபன் தட்டு ஒண்ணை எடுத்துப் போட்டேன். 'இவ்வளவுதான் மைனி. இதுல பாதி காய். கால்வாசி பயறு. மிச்சம் இருக்க இடத்துல சோறு.' அவ சோத்தைப் பாக்கா, என்னைப் பாக்கா. மென்னு தின்னுங்கங்கேன். இன்னும் மெல்லுங்கங்கேன். திரட்டுப்பாலா? யாரு கேட்டது திரட்டுப்பால்? அதெல்லாம் அன்னையோட நிப்பாட்டிட்டேன். தின்ன ஆசைப்படுறவளுக்குக் குடுக்காம இருக்கதுல உள்ள சுகம் குடுக்கதுல வராதுன்னு அப்பதான் தெரிஞ்சுது.

காலையில நயினார்குளக் கரைக்கு நடக்கக் கூட்டிட்டுப் போவேன். மூச்சு வாங்கும், கொஞ்சம் உக்காரட்டுமாம்பா. ஊஹும். 'நான் மழையில நடந்தேன் மைனி. உங்களை நினைச்சு நடந்தேன்'னு சொல்லுவேன். வாயை மூடிக்கிட்டு நடப்பா.

ஒருநாள் அப்படி நடந்துக்கிட்டு இருக்கோம். அவ பேச்சு குழறுது. என்ன மைனிங்கேன், திரும்பிப் பாக்கா, முகமெல்லாம் வேர்வை, கண்ணு என்னைப் பாக்குது, ஆனா பாக்கல. அப்படியே மடிஞ்சு கரையில சரிஞ்சா. யாத்தே! எனக்கு அந்த வேர்வை தெரியும்க்கா. அந்தக் கண்ணு எனக்குத் தெரியும். எனக்கு இனிப்பு தின்னா வாறது, அவளுக்கு இனிப்பு இல்லாம வருது. ஊசியைப் போட்டுட்டு, ஒண்ணும் தின்னாம, வெறும் வயித்தோட வந்திருக்கா. நடந்துட்டு வந்துதான் சாப்பாடுன்னு நான் சொல்லியிருந்தேன், வாஸ்தவம். ஊசி போட்டிருக்கேன்னு அவ சொல்லணுமா வேண்டாமா?

என் பையில என்ன இருக்கும்? சுண்டல் இருக்கும், மோர் இருக்கும். ஒரு பொட்டு சர்க்கரை இருக்காது. 'எய்யா, சீனி, சீனி'ன்னு கத்துனேன். எதுத்த டீக்கடைக்காரர் டப்பாவோட ஓடி வந்தாரு. அவ தலையை மடியில தூக்கிப் போட்டு, கையால அள்ளி அவ நாக்குக்கு அடியில, கன்னத்துக்கு உள்ளன்னு அப்பி விட்டேன். அவளைத் திட்டிக்கிட்டே இருக்கேன். 'எனக்குப் பதில் சொல்லாமப் போயிருவியோ? நான் விட்டுருவேன்னு நினைச்சியோ?' மைனியை வா போன்னு பேசுனது அன்னைக்கு ஒரு நாள்தான்.

கொஞ்ச நேரத்துல கண்ணு தெளிஞ்சுது. வாயெல்லாம் சீனி. டீக்கடைக்காரர் ஆட்டோ பிடிக்கப் போயிட்டாரு. அவளை அப்படியே மடியில வச்சுக்கிட்டு நான் கேட்டேன், வேற எப்பக் கேக்க? 'ஆனந்தி எல்லாம் சொல்லிட்டா மைனி. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்கு என் உடம்புதான் கிடைச்சுதா?'

அவ பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. வானத்தைப் பாத்துக்கிட்டே சொல்லுதா:

'வேற என்னவோ சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். இதுதான் வந்துச்சு. ரொம்ப வருஷமா உள்ள கிடந்துச்சு போல. நீ பிறந்த வீட்டுக்கு வருவ. உங்க அம்மா உன்னை உக்கார வச்சு, ஆவுடை அதைக் கொண்டா, இதைக் கொண்டான்னு சொல்லுவாவ. நீ ரசிச்சு ரசிச்சுச் சாப்பிடுவ. நான் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். கடைசியில சட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கதுதான் எனக்கு. என் சொதி எப்படி இருக்கும்னு ஊருக்கெல்லாம் தெரியும். நான் ஒருநாள் கூட உக்காந்து ஒரு கரண்டி ஊத்திச் சாப்பிட்டதில்ல செண்பகம். முதமுதல்ல எனக்குன்னு ஒருத்தர் செஞ்சு அனுப்புன பலகாரம், நீ குடுத்து விட்ட திரட்டுப்பால்தான்.'

எப்படிப் போடுதா பாத்தியளா பழியை? எங்க அம்மா செத்து எத்தனை வருஷம் ஆச்சு. செத்தவளை இழுக்கா. நான் பிறந்த வீட்டுக்குப் போய் நாலு வாய் சாப்பிட்டது ஒரு குத்தமா? அவளை நானா நிக்கச் சொன்னேன்? உக்கார வேண்டியதுதானே, யாரு வேண்டாம்னா? எங்க வீட்ல மருமகளுங்க அப்படி உக்காந்து பழக்கமில்ல, அது வேற. நான் என் மாமியா வீட்ல நிக்கலியா? கொஞ்சம் நின்னேன். எங்க மாமியா சீக்கிரமே போய்ச் சேந்துட்டாவ.

கையில ஒட்டுன சீனியைத் தட்டி விட்டுக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிருவேனோன்னு ஒரு பயம் வந்துட்டுக்கா. நெஞ்சு அப்படியே இளகுது. அவளுக்கு அது தெரிஞ்சிட்டு. என் கையைப் பிடிச்சுச் சொல்லுதா:

'மன்னிச்சுராத செண்பகம். உனக்கு ஆகாது. மறுபடி ஏறிரும்.'

சொல்லிட்டு அழுதாளா சிரிச்சாளான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அன்னையில இருந்து அவ வீட்ல ஒரு சட்டம் போட்டிருக்கேன். நான் போற அன்னைக்கு அவ உக்காரணும். நான் நின்னு பரிமாறணும். எங்க அண்ணன் முழிச்சான். நீ உன் சோத்தைப் போட்டுத் தின்னுன்னுட்டேன். பாசத்துல இல்லக்கா, தப்பா நினைக்காதிய. உக்கார வச்சுட்டா அளவுக்கு மேல ஒரு பருக்கை எடுக்க முடியாதுல்லா? கரண்டி என் கையில. சொதி கூட நான்தான் வைக்கேன், பாலைக் குறைச்சு, காயைக் கூட்டி. ஊத்துனா ஒரு கரண்டி. அவ கண்ணை மூடிக்கிட்டு அதை மெல்லுறதைப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். ஒரு கரண்டிக்கு அவ்வளவு ரசிப்பு.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், இதுதான் எனக்கு ஆறல. போன மாசம் மருந்துக்கடை மெஷின்ல ரெண்டு பேரும் ஏறுனோம். அவ என்னை விடக் குறைச்சல்! வயித்துல ஒரு கத்தி படல, ஒரு முடி கொட்டல, சும்மா நடந்து நடந்து, என் பயறைத் தின்னு, என்னை முந்திட்டா சண்டாளி. ஊசியையும் டாக்டர் நிப்பாட்டிட்டாரு. மெஷினை விட்டு இறங்கி, 'என்ன செண்பகம், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?'ங்கா. வேணும்னே கேக்கா. அன்னைக்கு வீட்டுக்குப் போய் மாடிப்படியில ஏறி ஏறி இறங்குனேன். இவளை இப்படியே விட்டுட்டு எனக்குத் தூக்கம் வருமா? இன்னும் இருபது வருஷம் ஆனாலும் சரி, இவ என் கண்ணு முன்னால இருக்கணும். எனக்கு முன்னால போயிறலாம்னு மட்டும் நினைக்கக் கூடாது.

பேட்டை தாண்டிட்டோ? அப்ப அடுத்தது டவுண் ஆர்ச்தான். இந்தப் பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, எந்திரிச்சுக்கிடுதேன். அன்னா நிக்கா பாருங்க, மாம்பழக் கலர் சேலை. இடுப்பைப் பாத்தியளா, குமரி மாதிரி? வாரேன்னா வந்து நிக்கணுமாக்கும் அங்கன. நான் வழி தெரியாதவளா? கையாட்டுதா, வெக்கமில்லாம. நான் ஆட்ட மாட்டேன். ஜன்னல் கதவைக் கொஞ்சம் தூக்குங்கக்கா.

ஏ மைனி! மைனீ! உச்சி வெயில்ல அங்கன நிக்காதியன்னு எத்தனை தடவ சொல்லுறது உங்களுக்கு? நிழலுக்குப் போங்க! இன்னா வந்துட்டேன்!